சாமிக்கு மேலே நிற்க மாட்டேன் என்ற ஒயர்மேன்

தேர் ஓடும் வீதிகளில் இனி மின்கம்பியே இருக்காது, எல்லாவற்றையும் கேபிளாக மண்ணுக்கடியில் புதைக்கப்போகிறார்கள் என்று போன மாதம் ஓர் இளம் உதவிப் பொறியாளர் செவிலிமேட்டில் என் வீட்டுக்கு வந்து சொன்னார். ஓய்வு பெற்றவனைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் சாவுச் செய்திதான் கொண்டு வருவார்கள். இவர் நல்ல செய்தி கொண்டு வந்ததால் சந்தோஷமாகக் காபி கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு அவர் கேட்டார்.

"சார், ஒரு காலத்துல ஒயர்மேன் ஒருத்தர் தேர் அன்னிக்குக் கம்பத்துல ஏற மாட்டேன்னு சொல்லி டிஸ்மிஸ் ஆயிட்டாராமே. உங்க கேங்க்லதான் இருந்தாராமே?"

டிஸ்மிஸ் ஆகவில்லை. ஆளாளுக்குக் கண், காது, மூக்கு வைத்து இந்தக் கதையை என்னென்னவோ ஆக்கிவிட்டார்கள். அவன் கனவில் அம்மன் வந்து தடுத்தாள் என்கிறார் ஒருவர். அன்றைக்கு அவன் குடித்திருந்தான் என்கிறார் இன்னொருவர். அவன் கள்ளைக்கூடத் தொட்டவன் இல்லை. பக்கத்தில் நின்றவன் நான். நடந்ததை நானே எழுதி வைத்துவிடுவது நல்லது என்று தோன்றியது.

நான் முசரவாக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். அறுபதுகளின் தொடக்கத்தில் கம்பம் நடக் குழி தோண்டும் கூலியாளாக மின்சார இலாகாவில் சேர்ந்து, ஹெல்பராகி, லைன்மேன் ஆனேன். அந்த வருஷங்களை விவரித்தால் படிப்பவர்களுக்குக் கொட்டாவி வரும். கற்றுக்கொண்டது மூன்று விஷயம்தான். டிரான்ஸ்பார்மரில் பியூஸைப் பிடுங்கினால் அதை அங்கேயே வைத்துவிட்டு வரக் கூடாது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் கம்பத்தில் ஏற வேண்டும். ரப்பர் கையுறையை மாட்டுவதற்கு முன் காற்றை ஊதி, வாய்ப்பக்கத்தைச் சுருட்டி அமுக்கி, எங்காவது காற்றுக் கசிகிறதா என்று கன்னத்தருகில் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது, எர்த் போட்டு மண்ணோடு இணைக்காத வரைக்கும் எந்தக் கம்பியையும் செத்த கம்பி என்று நம்பக் கூடாது.

இந்த மூன்றையும் எனக்குள் ஊறவைத்தவர் சூப்பர்வைசர் அறிவழகன். அது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. கல்லூரியில் படிக்கும்போது அவரே மாற்றிக்கொண்டது. சாமி, சடங்கு எதிலும் நம்பிக்கை இல்லாதவர். ஆனால் அலுவலகச் சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தைக் கழற்றச் சொன்னதும் இல்லை, அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொண்டதும் இல்லை. பேச்சு அச்சடித்த மாதிரி இருக்கும். கடைநிலை ஹெல்பரைக்கூட நீங்கள், வாருங்கள் என்றுதான் கூப்பிடுவார். குரலை உயர்த்த மாட்டார். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, பதில் வரும் வரை காத்திருப்பார். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அந்தக் கண்ணாடி துடைப்பதைத் தாங்க முடியாது.

எங்கள் ஊரில் பங்குனித் தேர் என்றால் எங்களுக்குப் பெரிய வேலை. தெருவுக்குக் குறுக்கே போகும் கம்பிகள் தேரைவிடத் தாழ்வாக இருக்கும். தேர் ஒவ்வொரு மூலைக்கும் வரும்போது அங்கே மின்சாரத்தை நிறுத்தி, கம்பத்தில் ஏறி, குறுக்குக் கம்பிகளை அவிழ்த்துக் கயிற்றில் இறக்கி ஓரமாக ஒதுக்க வேண்டும். தேர் தாண்டியதும் திரும்ப இழுத்துக் கட்ட வேண்டும். ஆஸ்பத்திரிக்கும் அந்த வழியாகத்தான் லைன் போயிற்று. அதனால் முன்கூட்டியே எல்லாவற்றையும் இறக்கி வைக்க முடியாது. கடைசி நேரத்தில் இறக்கி, உடனே ஏற்ற வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம், இறக்கிய கம்பி ஒன்று காற்றில் ஆடித் தேர்த் துணியில் சிக்கிக்கொண்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த வருஷம் அறிவழகன் புதிதாக ஓர் உத்தரவு போட்டார். தேர் திரும்பும் ஒவ்வொரு மூலைக் கம்பத்திலும் கம்பியைக் கயிற்றால் இழுத்துப் பிடித்தபடி ஓர் ஆள் மேலேயே இருக்க வேண்டும். தேர் முழுதாகத் தாண்டிய பிறகுதான் இறங்கலாம்.

இந்த உத்தரவுக்குத்தான் ஏகாம்பரம் முடியாது என்றான்.

ஏகாம்பரம் பட்டுத் தறிக்காரர் வீட்டுப் பையன். பரம்பரையாகக் கோயிலோடு சம்பந்தமுள்ள சைவக் குடும்பம். அவன் அண்ணன் சதாசிவம்தான் தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர். அவ்வளவு பெரிய தேரை நிறுத்துவதும் திருப்புவதும் அந்தக் கட்டைதான். தறியில் மூன்று பேர் பிழைக்க வழியில்லாமல் இளையவனான இவன் எங்கள் இலாகாவில் சேர்ந்தான். கொஞ்ச நாள் தென்னேரிப் பக்கம் இருந்துவிட்டு அந்த வருஷம்தான் எங்களிடம் மாற்றலாகி வந்திருந்தான். வேலை நிரந்தரம் ஆகவில்லை, தகுதிகாண் காலம். கம்பம் ஏறுவதில் அவனை மிஞ்ச எங்கள் செக்‌ஷனில் ஆள் இல்லை.

தேருக்கு முந்தின நாள் அறிவழகன் எங்களைக் கூப்பிட்டு யார் யார் எந்தக் கம்பம் என்று சொல்லிக்கொண்டு வந்தார். ஏகாம்பரத்தின் முறை வந்தது.

"சார், கம்பி இறக்குறது, ஏத்துறது எல்லாம் பண்றேன். சாமி மூலைக்கு வர்றதுக்கு முன்னாடி எறங்கிடுவேன். தாண்டினதும் ஏறிக்கிறேன். நடுவுல மேல நிக்க மாட்டேன்."

"ஏன்?"

"சாமி கீழ போவும்போது, கம்பத்துல கால வச்சுக்கினு அதுக்கு மேல எப்பிடி சார் நிக்கிறது?"

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் சாமி வீதியில் வரும்போது மாடியில் இருப்பவர்கள் இறங்கித் தெருவுக்கு வந்துவிடுவார்கள். நோயாளியைக்கூடக் கைத்தாங்கலாக இறக்குவார்கள். சாமி இருக்கும் மட்டத்துக்கு மேலே மனிதத் தலை இருக்கக் கூடாது. கால் என்றால் கேட்கவே வேண்டாம்.

அறிவழகன் பொறுமையாகச் சொன்னார். "தேரின் உச்சி உங்களைவிட உயரம். கலசம் உங்களுக்கு மேலேதான் இருக்கும்."

"கலசம் தேரோடது சார். சாமி உக்காந்திருக்கிற எடம் கீழ."

"அங்கே ஆளை நிறுத்துவது ஜனங்களின் உயிருக்காக. உங்கள் வேலையே அதுதான்."

"தெரியும் சார்."

"உங்கள் வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. நான் மெமோ எழுதி மேலே அனுப்பினால் விசாரிக்கக்கூட மாட்டார்கள். வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்."

"அனுப்புங்க சார்" என்றான் ஏகாம்பரம். திமிராகச் சொல்லவில்லை.

எனக்குத்தான் கோபம் தலைக்கேறியது. வெளியே வந்ததும் அவன் தோளைப் பிடித்துத் திருப்பினேன். "ஏம்பா, உனக்கின்னா பைத்தியமா? இந்த வேல கெடைக்காம எவ்ளோ பேரு நாயா அலைஞ்சுக்கினு இருக்கான். உன் பொண்டாட்டி மாசமா வேற இருக்குது. திரும்பிப் போய்த் தறிக்குழியில ஒக்காந்துக்குவியா?"

"எங்கண்ணன் சக்கரத்துகிட்ட குனிஞ்சிக்கினு இருப்பாருண்ணா. எங்க தாத்தா அங்கதான் இருந்தாரு, எங்கப்பா அங்கதான் இருந்தாரு. நான் மட்டும் பூட்ஸ் காலோட சாமிக்கு மேல நிக்கிறதா?"

"பூட்ஸக் கழட்டிட்டு நில்லு."

"வெளையாடாதீங்கண்ணா" என்றான். அவன் கண் கலங்கியிருந்ததைப் பார்த்துவிட்டுத் தோளிலிருந்து கையை எடுத்தேன்.

எனக்கும் சாமி உண்டு. ஆனால் எனக்கும் அதற்கும் வருஷத்துக்கு ஒரு பொங்கல் அளவுக்குத்தான் பழக்கம். திரும்ப உள்ளே போய், அந்த மூலையில் நானே ஏறி நிற்கிறேன் என்றேன். அறிவழகன் சம்மதித்தார். "நீங்கள் ஏறுங்கள். அவர் எதிர்க் கம்பத்தின் கீழே நிற்கட்டும். மெமோ தேர் முடிந்ததும் எழுதுவேன்" என்றார்.

தேர் அன்று காலையிலேயே வெயில் கொளுத்தியது. சன்னதித் தெருவிலிருந்து மேளச் சத்தம் நெருங்கி வரும்போது டிரான்ஸ்பார்மருக்குப் போய் நானே பியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். டிரான்ஸ்பார்மர் பக்கத்துக் கம்பிகளுக்கு எர்த் போட்டேன். பிறகு மூலைக் கம்பத்தில் ஏறினேன். தெருவுக்குக் குறுக்கே எதிர்க் கம்பத்துக்குப் போகும் கம்பிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கயிற்றில் இறக்கினேன். எதிர்க் கம்பத்தைத் தாண்டிச் சில வீடுகள்தான். அங்கே டிரான்ஸ்பார்மர் எதுவும் கிடையாது. அதனால் அந்தப் பக்கம் எர்த் போடும் வழக்கம் எங்களுக்கு இல்லை. வருஷக்கணக்காக எல்லோரும் செய்து வந்த முறை அதுதான்.

கடைசிக் கம்பி இறங்கும்போது தெரு நடுவில் யாரோ புதிதாகக் கட்டியிருந்த நைலான் தோரணக் கயிற்றில் மாட்டிக்கொண்டு ஆள் உயரத்துக்குத் தொங்கியது. தேர் அதற்குள் திரும்பத் தொடங்கியிருந்தது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. கையுறைகளைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு சறுக்கி இறங்கினேன். கம்பத்தடியில் இருந்த நீள மூங்கிலை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தேன். எதிர்க் கம்பத்தடியிலிருந்து ஏகாம்பரமும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது கம்பியின் நுனி ஆடிப்போய்த் தெருக்குழாயின் இரும்பில் உரசியது. பட்டென்று நீலப் பொறி பறந்தது.

பியூஸ் என் பையில் இருக்கிறது. தொட்டுப் பார்த்தேன், இருக்கிறது. பிறகு எங்கிருந்து வருகிறது மின்சாரம்?

பின்னால்தான் தெரிந்தது. எதிர்ப்பக்கத்து வீடொன்றில் தேரை வரவேற்கப் பந்தல் போட்டு, சீரியல் லைட்டும் மைக்கும் கட்டியிருந்தார்கள். நாங்கள் மின்சாரத்தை நிறுத்தியதும் எல்லாம் அணைந்துவிட்டது. உடனே வாடகை ஜெனரேட்டரை ஓட்டி, மெயினை அணைக்காமல் வீட்டு வயரிலேயே சொருகிவிட்டார்கள். அந்த மின்சாரம் வீட்டிலிருந்து வெளியே வந்து, எர்த் போடாத எங்கள் கம்பியில் ஏறிவிட்டது. மேளச் சத்தத்தில் ஜெனரேட்டர் ஓடுவது யார் காதிலும் விழவில்லை.

அந்தத் தேருக்கு இரும்புச் சங்கிலிதான் வடம். வெயிலுக்காக இரண்டு பக்கமும் ஜனங்கள் வாசலில் நின்று தேர் இழுக்கிறவர்கள் மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நனைந்த உடம்போடு, நனைந்த தெருவில், இரும்புச் சங்கிலியைப் பிடித்தபடி நூற்றுக்கணக்கான ஆட்கள் அந்தக் கம்பியை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள்.

மூங்கிலால் கம்பியைத் தூக்கிப் பிடித்தேன். சங்கிலியை இழுத்து வந்த முன்வரிசை ஆட்கள் அதற்கடியில் குனிந்து போனார்கள். நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. யாரோ பக்தியோடு என் மேலும் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினார்கள். மூங்கில் நனைந்தது. கை சுருசுருவென்றது. கையுறையை எடுத்து மாட்ட இரண்டு கையும் வேண்டும். கையை எடுத்தால் கம்பி சங்கிலி மேல் விழும்.

"ஏகாம்பரம், கம்பில கரண்ட் இருக்குது. அந்தப் பக்கம் வெட்டு" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அவனுக்குக் கேட்டது. முதலில் அவன் செய்தது சரியான காரியம். தேர்ப் பக்கம் திரும்பி, "அண்ணே, கட்ட போடு" என்று கத்தினான். சதாசிவம் ஏன் என்று கேட்கவில்லை. கட்டையைச் சக்கரத்தின் வாயில் தள்ளினார். தேர் முனகிக்கொண்டு குலுங்கி நின்றது. நின்ற இடம் அந்த எதிர்க் கம்பத்துக்கு நேர் பக்கத்தில். சாமிக்கும் கம்பத்துக்கும் இடையே இரண்டு ஆள் நிற்கும் இடம்கூட இல்லை.

அந்தக் கம்பத்தில் ஏறி, வீட்டுப் பக்கம் போகும் இணைப்பை வெட்டினால்தான் கம்பி சாகும். ஏகாம்பரம் கையுறையை மாட்டினான். கம்பத்தைப் பிடித்தான். அண்ணாந்து பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான்.

"ஏறுடா" என்றேன்.

அவன் ஏறவில்லை. தேர் மேல் நின்றிருந்த குருக்களைப் பார்த்து, "ஐயா, திரை போடுங்க" என்றான்.

நைவேத்தியத்தின்போதும் அலங்காரத்தின்போதும் சாமிக்கு முன்னால் திரை போடுவார்கள். திரை விழுந்துவிட்டால் அது சாமியின் தனி நேரம். அப்போது சாமி வீதியில் இல்லை என்றுதான் எங்கள் ஊரில் கணக்கு.

குருக்களுக்கு ஒன்றும் புரியவில்லை. "இப்ப என்னத்துக்குப்பா திரை?"

"போடுங்கய்யா, சீக்கிரம் போடுங்க."

அவர் திரையை இழுத்தார். மாலையில் மாட்டிக்கொண்டது. மாலையை ஒதுக்கிவிட்டுத் திரும்ப இழுத்தார். என் கை இரண்டும் தோள் வரைக்கும் மரத்துப்போய்விட்டன. எனக்கு முன்னால் சங்கிலியைப் பிடித்து நின்ற ஒருவர், வயதானவர், என்னைப் பார்த்துச் சிரித்துக் கும்பிட்டார். அவர் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் கம்பி ஆடிக்கொண்டிருந்தது. ஏகாம்பரத்தை நான் அப்போது திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அவன் அம்மாவை, அவன் சாமியை, ஒன்றையும் விடவில்லை. அவன் காதில் விழுந்தது. ஆனாலும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

திரை மூடியது. அவன் ஏறினான். அவ்வளவு வேகமாக ஒருவன் கம்பம் ஏறி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. இணைப்பை வெட்டினான். எனக்குக் கை சுருசுருப்பு நின்றது. மூங்கிலைப் போட்டுவிட்டு நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டேன்.

அவன் இறங்கி, கம்பத்தடியில் நின்ற பிறகு கையைக் காட்டினான். குருக்கள் திரையை விலக்கித் தீபாராதனை காட்டினார். விசேஷ பூஜை நடந்தது என்று நினைத்துக் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சதாசிவம் கட்டையை உருவினார். தேர் நகர்ந்தது.

மறுநாள் அறிவழகன் என்னை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டார். என் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். மூங்கிலைப் பிடித்த இடமெல்லாம் கன்றிப்போயிருந்தது.

"நீங்கள் கூப்பிட்டதும் ஏகாம்பரம் ஏறவில்லை."

"ஏறினான் சார்."

"எப்போது?"

"திரை போட்டதும்."

"அதுவரைக்கும் கம்பி உங்கள் மூங்கிலில் இருந்தது."

"ஆமா சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். நான் பயந்த கேள்வி வந்தது.

"திரை விழாமலே போயிருந்தால் அவர் ஏறியிருப்பாரா?"

மேசைமேல் எழுதி முடித்த மெமோ கையெழுத்துக்குக் காத்திருந்தது. ஏறியிருக்க மாட்டான் என்று நான் சொன்னால் அவன் வேலை போய்விடும். எனக்கு அவன் மேல் கோபம் குறைந்திருக்கவில்லை. முந்தின நாள் ராத்திரி என்னால் சோற்றைப் பிசைந்து சாப்பிட முடியாததால் என் மனைவிதான் ஊட்டிவிட்டாள். அந்த வயதானவர் சிரித்த முகம் கண்ணுக்குள்ளேயே இருந்தது. ஆனாலும் மாசமாக இருக்கும் ஒரு பெண்ணின் வாயில் என்னால் மண்ணைப் போட முடியவில்லை.

"ஏறியிருப்பான் சார்."

"நிச்சயமாகவா?"

"நிச்சயமா சார். எனக்குத் தெரியும் அவன."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "அவருடைய சாமியில் எனக்கு நம்பிக்கை இல்லை. உங்கள் வார்த்தையில் இருக்கிறது" என்று சொல்லி மெமோவை இரண்டாகக் கிழித்தார். அடுத்த வருஷத்திலிருந்து முறையையே மாற்றினார். மூலைக்கு முன்பே கட்டை போட்டுத் தேரை நிறுத்த வேண்டும். இரண்டு பக்கமும் எர்த் போட்டு, கம்பியைச் சுருட்டி ஒதுக்கி, ஆட்கள் எல்லோரும் இறங்கிய பிறகுதான் தேர் நகரலாம். பாதுகாப்புக்காக என்று உத்தரவில் எழுதியிருந்தது. உண்மையும் அதுதான்.

அறையை விட்டு வந்ததும் நேராக ஸ்டோர் ரூமுக்குப் போனேன். ஏகாம்பரம் ரப்பர் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் கையுறைகளுக்கு மாவு தடவி அடுக்கிக்கொண்டிருந்தான். வேலை தப்பித்தது என்றேன். எப்படி என்று கேட்டான். சொன்னேன். நன்றி சொல்வான் என்று எதிர்பார்த்தேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்.

அவன் கையிலிருந்த கையுறையைக் கீழே வைத்தான்.

"என் வேலையக் காப்பாத்திட்டீங்க. சாமிகிட்ட என்ன விட்டுக்குடுத்துட்டீங்கண்ணா."

எனக்குச் சுருக்கென்றது. "அப்போ ஏறியிருக்க மாட்டியா? திரை சிக்கிக்கினே இருந்திருந்தா? நான் அங்க நின்னுக்கினு இருந்தேனே. என்னயும் அந்த ஜனத்தயும் விட்டுட்டு இருப்பியா?"

அவன் என் கன்றிப்போன கைகளைப் பார்த்தான்.

"தெரியலண்ணா. நேத்துலேர்ந்து அதையேதான் கேட்டுக்கினு இருக்கேன். எனக்கே தெரியாதத நீங்க போய் தெரியும்னு சொல்லிட்டு வந்துட்டீங்க."

அதன் பிறகு நாங்கள் இருவரும் இதைப் பற்றிப் பேசியதில்லை. நான் ஓய்வு பெறும் வரைக்கும் ஒரே கேங்க்கில்தான் இருந்தோம். நான் மேலே ஏறினால் கீழே கயிற்றைப் பிடித்திருப்பவன் அவன். பியூஸ் அவன் பையில் இருக்கும். அவனுக்கே தெரியாத அந்தப் பதிலை நினைத்துக்கொண்டேதான் ஒவ்வொரு முறையும் நான் ஏறினேன்.